தோளுக்கு வரி இல்லை

2001 டிசம்பர் 3, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். தூறல். காற்று இல்லை. ஆபீஸ் வராந்தாவில் காய வைத்திருந்த குடைகள் ஒன்பது; அவற்றில் கம்பி ஒடிந்தவை மூன்று.

இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறீர் என்று கேட்பார்கள். டைரி எழுதுகிற பழக்கம் உண்டு. கோவில்பட்டியில் போக்குவரத்து ஆபீஸின் வரிப் பிரிவில் பதினேழு வருஷம் உதவியாளராக இருந்தவன் நான். எண்ணாமல் விட்டது எதுவோ அது பின்னால் வந்து கடிக்கும் என்ற பயம், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே என்னிடம் உண்டு. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் சிலர், ஊனமுற்றோர் வாகன வரி விலக்கைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அந்த வகையில் என் கைவழியாகப் போன ஃபைல்கள் நூற்றுப் பதினாறு. அவற்றில் ஒன்று மட்டும் இன்றைக்கும் மத்தியானத் தூக்கத்தில் வருகிறது. அதை எழுதுகிறேன்.

1. பஸ் வராத பாதை

கரிசல் பூமியில் கார்த்திகைத் தூறல் விழுவது கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் சாம்பல் நிறமாகிவிடும். ரயில் சத்தம் வழக்கத்தைவிடப் பக்கத்தில் கேட்கும். ஃபைல்கள் நமுத்துப்போய், புரட்டினால் ஓசையே வராது. பகலில் டியூப்லைட் எரிய, எல்லோரும் பாதித் தூக்கத்தில் எழுதிக்கொண்டிருப்போம். அப்படி ஒரு காலையில் 'டொக், டொக்' என்று ஒரு சத்தம் என் மேஜையை நோக்கி வந்தது. நிமிர்ந்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கக்கத்தில் ஊன்றுகோல். அதன் நுனியில் கரிசல் மண் பனங்காய் அளவுக்கு அப்பியிருந்தது. வாசலிலிருந்து என் மேஜை வரை தரையில் பதினாலு கறுப்பு வட்டங்கள்.

"வரி விலக்கு எழுதுத சார் யாரு?"

"நான்தான். முதல்ல அந்தக் கம்ப ஓரமா வையும். தரை பூரா மண்ணு."

"கம்ப வச்சிட்டா நான் விழுந்துருவேன் சார்."

பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அம்மாள் சிரித்துவிட்டார். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

பேர் சுடலைமுத்து. கடம்பூரை அடுத்த ஒரு சிற்றூர். செம்மறி ஆடு மேய்க்கிற குடும்பம். ஆறு வருஷத்துக்கு முன் விரியன் கடித்துக் காலை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து வீட்டில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தவர். அவருடைய அக்கா பேச்சியம்மாள் தன் ஆடுகளில் பதினெட்டை விற்று, ஒரு பழைய ஸ்கூட்டரைத் தம்பி பெயரில் வாங்கி, பட்டறையில் கொடுத்து இரண்டு பக்கமும் சைடு வீல் போட்டிருந்தார்.

"இலவச பஸ் பாஸ் குடுக்காங்களே, வாங்கலையா?" என்றேன்.

"இருக்கு சார். ஆடு போற பாதையில பஸ் வராதுல்லா."

வரி விலக்கு என்றுதான் பேர். ஆனால் அதே ஃபைலில்தான் வண்டியின் வகையை 'இன்வாலிட் கேரேஜ்', அதாவது ஊனமுற்றவர் வண்டி, என்று மாற்றுகிற உத்தரவும் இருந்தது. வகை மாறினால்தான் அவருக்கு லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாமல் மெயின் ரோட்டைத் தாண்டினால் போலீஸ் பிடிக்கிறது. ஏற்கெனவே இரண்டு முறை பிடித்துவிட்டது. மாசி பிறந்ததும் அவர்கள் ஆட்டுக் கிடை, அதாவது இரவில் வயலுரத்துக்காக மடக்கிப் போடுகிற மந்தை, தாமிரபரணிக் கரையின் அறுத்த வயல்களுக்குக் கிளம்பும். போனால் திரும்பி வர நான்கு மாதம். கிடையோடு போகிறவருக்குத்தான் பங்கு. இந்த வருஷமும் போகவில்லையென்றால் தன் பங்கை விட்டுவிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

2. எட்டாவது பத்தி

எங்கள் ஃபைலில் அன்று நான்கு விஷயங்கள் பார்ப்போம். ஊனம் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையவில்லை என்று மருத்துவச் சான்று. ஆர்.சி. புக் அவர் பெயரில். அவர் உடலுக்கு ஏற்றபடி வண்டி மாற்றியமைக்கப்பட்டிருக்க வேண்டும். நான்காவது, சொந்த உபயோகத்துக்கு மட்டும்.

முதல் மூன்றும் சரியாக இருந்தன. முற்றத்தில் வண்டியைப் பார்த்த இன்ஸ்பெக்டர், வலது காலால் மிதிக்கிற பிரேக்கைக் கழற்றிக் கைக்குக் கொண்டுவந்திருந்த பட்டறைக்காரனை ரொம்பவும் பாராட்டினார். பிறகு பின்னால் போனார். ஸீட்டுக்குப் பின்னால் துளை போட்ட ஒரு மரப்பெட்டி. உள்ளிருந்து ஏதோ கத்தியது.

"என்னவே இது?"

"குட்டி சார். தாய் செத்துப்போச்சு. ரெண்டு மணிக்கொருக்கா பால் குடுக்கணும். அதான் கூட்டிட்டு வந்தேன்."

"யாரு குட்டி? உம்ம குட்டியா?"

"கிடைக் குட்டி."

"வண்டி?"

"கிடை வண்டி சார்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் விண்ணப்பத்தைப் பார்த்தேன். எட்டாவது பத்தியில், வாகனத்தின் உபயோகம் என்ற இடத்தில், மரத்தடியில் மனு எழுதுகிறவர் மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'ஆட்டுக்கிடை உபயோகத்திற்காக.'

"அண்ணாச்சி, இது சொந்த உபயோகம் இல்ல. ஆடு ஏத்துத வண்டி. எழுதி அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் புது ஃபாரம் ஒன்றை எடுத்துச் சுடலைமுத்துவிடம் கொடுத்தேன். 'என் சொந்த உபயோகத்திற்கு மட்டும்' என்று எழுதும், வேலை முடிந்தது என்றேன். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நிமிடம்.

"சார், கிடையில நிக்கிற எதையும் எனக்குன்னு சொல்ல மாட்டோம். எங்க குடும்பத்துல அப்படி. சொன்னா அது தங்காது."

"இது ஆடு இல்லவே. ஸ்கூட்டர்."

"கிடையிலதான நிக்கி."

"காயிதத்துலதான எழுதச் சொல்லுதேன். ஆடு வந்து படிக்கவா போவுது?"

"ஆடு படிக்காது சார். எங்க அக்கா படிப்பா." அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். "பதினெட்டு ஆட்ட வித்து வாங்குனது. எனக்கு மட்டும்னு எழுதுன காயிதத்த அவ கையில எப்படிக் குடுப்பேன்?"

எனக்கு எரிச்சல் வந்தது. நல்லது செய்யப் போனால் நியாயம் பேசுகிறார் என்று பட்டது. அவர் போனதும் ஃபைலில் குறிப்பு எழுதினேன்: 'சொந்த உபயோகத்திற்கு அல்ல என விண்ணப்பதாரரே தெரிவிப்பதால் நிராகரிக்கலாம்.'

எங்கள் அதிகாரி திருநெல்வேலிக்காரர். ரிட்டையர் ஆக ஐந்து மாதம் இருந்தது. குறிப்பைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வேய், ஏழு வார்த்தையில ஒரு ஆள வீட்டுல உக்கார வச்சிட்டீரே. நீரு போய்ப் பாத்தீரா?"

"சார், விதிப்படி அவரே…"

"விதி எங்கயும் ஓடிறாது. அவன் ஆட்டோட என்ன செய்யுதான்னு பாத்துட்டு வந்து எழுதும். அப்பவும் இதே ஏழு வார்த்தைதான்னா நான் கையெழுத்துப் போடுதேன்."

3. நானூறு அடி

டிசம்பர் 12, புதன்கிழமை. முதல் நாள் நல்ல மழை. காலை ஏழு நாற்பதுக்குக் கடம்பூரில் இறங்கினேன். வெறுங்கையோடு போவானேன் என்று போளி ஆறு வாங்கிக்கொண்டேன். கிடை கிடக்கிற இடம் மூன்று கிலோமீட்டர் என்றார்கள்.

அன்று மாதிரி ஒரு காலையை நான் பிறகு பார்க்கவில்லை. மழை விட்டு, தரையிலிருந்து பனி எழும்பிக்கொண்டிருந்தது. வானமும் கரிசலும் எங்கே சேர்கின்றன என்று தெரியவில்லை. பருத்திச் செடிகள் இடுப்பளவு பாலுக்குள் நிற்பவை போல நின்றன. ஒரு கிலோமீட்டர் நடந்ததும் கடம்பூர் இல்லை. நான் வந்த பாதையும் இல்லை. என் காலடிச் சத்தம்கூட வேறு யாரோ பின்னால் வருவதுபோலக் கேட்டது. பயமாகவும் இருந்தது, திரும்பிப் போக மனமும் இல்லை.

சரளைப் பாதை ஓர் இடத்தில் வளைந்து போனது. தரிசுக்குக் குறுக்கே போனால் நானூறு அடி மிச்சம் என்று கணக்குப் போட்டேன். அந்த ஊரில் பிறந்த ஐந்து வயதுப் பிள்ளைகூட மழை பெய்த மறுநாள் கரிசலுக்குள் செருப்போடு இறங்காது. நான் இறங்கினேன். பத்தாவது எட்டில் கால் ஒவ்வொன்றும் ஒரு படி கனத்தது. இருபதாவது எட்டில் இரண்டு படி. நாற்பத்து மூன்றாவது எட்டில் மண் இடது செருப்பை வாங்கிக்கொண்டது. அதை எடுக்கக் குனிந்தபோது வலது கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று டைரியில் இல்லை. கடிகாரத்தில் மண். பனி என்னைச் சுற்றி வந்து மூடிக்கொண்டது. அப்புறம், எந்தத் திசை என்று சொல்ல முடியாமல், ஓர் இன்ஜின் சத்தம். அதற்கு முன்னால் ஆட்டு மணிகள். பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு செம்மறி வந்து என்னைப் பார்த்தது. பிறகு பத்து, பிறகு ஐம்பது. நனைந்த ரோமத்தின் வாடை. அவை என்னை ஒரு கல்லைப்போல நினைத்து இரண்டு பக்கமும் பிரிந்து போயின. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து மேலே நதி போவதைப் பார்ப்பதுபோல இருந்தது.

இன்ஜின் நின்றது. "யாரது? சாரா?"

சரளைப் பாதையில் சைடு வீல் ஸ்கூட்டரில் சுடலைமுத்து. மட்கார்டுகளைக் கழற்றிவிட்டிருந்தார், மண் அடைக்காமல் இருக்க அங்கே மழைக்காலத்தில் அப்படித்தான் செய்வார்கள்.

"கால் பிசகிப்போச்சு. எழுந்திரிக்க முடியல."

"எந்திரிக்கப் பாக்காதீங்க சார். நான் கம்ப ஊனி வந்தா நானும் உங்ககூட உக்கார வேண்டியதுதான். உக்காந்தவாக்குல நகருங்க. கையப் பின்னால ஊனுங்க. அப்படித்தான். நான் ஆறு மாசம் வீட்டுக்குள்ள அப்படித்தான் நகர்ந்தேன்."

அறுபதடி இருக்கும். அரசாங்க உதவியாளர், ஐம்பத்து நான்கு வயது, ஃபைலை வாயில் கவ்விக்கொண்டு, உட்கார்ந்த நிலையில் கரிசலில் நகர்ந்தேன். ஒரு கிடா எனக்குத் துணையாகவே வந்தது.

4. பிரேக் இல்லாத இடம்

பின் ஸீட்டில் என்னை உட்கார வைத்து, குட்டிப் பெட்டியை அவிழ்த்து என் மடியில் கொடுத்தார். கிடை வரை அப்படியே போனோம். பெட்டியின் துளைவழியாக ஒரு குட்டி என் விரலைச் சப்பிக்கொண்டே வந்தது.

கிடையில் பேச்சியம்மாளும் அவர் கணவரும் இருந்தார்கள். பேச்சியம்மாள் என் கணுக்காலுக்கு ஈரத்துணி சுற்றினார். நான் போளிப் பொட்டலத்தைச் சுடலைமுத்துவிடம் நீட்டி, "உமக்குத்தான் வாங்கினேன்" என்றேன். அவர் வாங்கி, ஆறையும் பிய்த்துக் குவித்து, எல்லோருக்கும் கை கையாகக் கொடுத்து, கடைசியில் மிஞ்சிய பொடியைத் தான் தின்றார். அதை அவர் எனக்குக் காட்டுவதற்காகச் செய்யவில்லை. என்னைப் பார்க்கவேகூட இல்லை.

ஃபைலைத் துடைத்துப் பிரித்தேன். "வண்டிய வேற யாரும் எடுக்கிறது உண்டா? உண்மையச் சொல்லணும்."

பேச்சியம்மாள் சிரித்தார். "இவிய ஒரு நா எடுத்தாவ அண்ணாச்சி. நேரா ஓடைக்குள்ள இறங்கிட்டாவ."

"காலு பிரேக்கத் தேடிச்சு" என்றார் கணவர். "பிரேக்கு அங்கன இல்ல."

"மூளையும் அங்கன இல்ல."

"ஏட்டி, ஆபீஸர் முன்னாலயா?"

"அவியளும்தான் செருப்ப மண்ணுக்குக் குடுத்துட்டு வந்திருக்காவ. அவியளுக்குத் தெரியாதா?"

அப்போது மந்தை மேய்ச்சலுக்கு நகரத் தொடங்கியது. பனி இன்னும் விடவில்லை. பிறந்து சில நாள் ஆன இரண்டு குட்டிகள் எட்டுப் போட முடியாமல் பின்தங்கின. பேச்சியம்மாளின் கணவர் பேசிக்கொண்டே ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டார். இன்னொரு பக்கம் சுடலைமுத்து வண்டியைச் சாய்த்தாற்போல நிறுத்தி, குனிந்து, மற்றதை எடுத்துப் பெட்டிக்குள் விட்டார். தாயாடு பெட்டியை முகர்ந்துகொண்டே வண்டிக்குப் பின்னால் நடந்தது. இன்ஜின் சத்தத்துக்கு மந்தை விலகாமல், அதை ஒட்டியே வளைந்து போனது. தோளில் ஒரு குட்டி, பெட்டியில் ஒரு குட்டி. இரண்டும் பனிக்குள் ஒரே வேகத்தில் மறைந்தன. அந்த வேகத்தைத்தான் நான் கனவில் பார்க்கிறேன். நடக்கிறவரின் வேகம். மிதக்கிறதுபோல இருக்கும்.

தோளில் தூக்கினவரிடம் இது சொந்த உபயோகமா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

சுடலைமுத்து திரும்பி வந்தபோது ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். படித்துக் காட்டினேன்: 'இந்த வண்டியை என்னைத் தவிர வேறு யாரும் ஓட்டுவதில்லை, பிரேக் கைக்கு மாற்றப்பட்டிருப்பதால் வேறு யாராலும் ஓட்டவும் இயலாது.'

"எனக்குன்னு இதுல இல்லையே சார்?"

"இல்ல."

தாளை வாங்கி அக்காவிடம் நீட்டினார். பேச்சியம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தார். உதடு மட்டும் அசைந்தது. முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடமும் சுடலைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நெசந்தான எழுதியிருக்கு" என்றார் பேச்சியம்மாள். "ஓடைக்குள்ள விழுந்தது மட்டும் எழுதல. போடுலே கையெழுத்து."

என் ரிப்போர்ட்டில் எழுதினேன்: 'காலுள்ளவர் குட்டியைத் தோளில் தூக்குகிறார், தோளுக்கு வரி இல்லை. இவர் பெட்டியில் தூக்குகிறார். கூலிக்குச் சரக்கு ஏற்றுவதில்லை. பிறர் ஓட்ட இயலாத வண்டி. விலக்கு அளிக்கலாம்.' அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது ஏழு வார்த்தையத் தாண்டிட்டே, வேய்" என்றார். கையெழுத்துப் போட்டார். ஜனவரியில் ஆர்.சி. புக்கில் வகை மாற்றம் ஏறியது. அந்த மாதக் கடைசியில் லைசென்ஸ்.

மாசி மூன்றாம் தேதி விடியற்காலை, நான் வந்த பஸ் மெயின் ரோட்டில் நின்றது. மந்தை ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார். கடைசி ஆட்டுக்குப் பின்னால் சைடு வீல் ஸ்கூட்டரில் அவர். பெட்டியில் மூன்று தலைகள். என்னைப் பார்க்கவில்லை. தெற்கே போகிற மண்பாதையில் இறங்கி, புழுதியோடு புழுதியாக மந்தை கரைந்தது.

5. ஆடிட்

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆடி மாதம் ஆடிட் வந்தது. வெளியே காற்று, மேஜையில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கல். ஆடிட்டர் இளைஞர், மரியாதையானவர்.

"அண்ணாச்சி, இந்த டி.ஏ. பில்லு நீங்க எழுதினதா?"

நான் எழுதினதுதான். கடம்பூர் போய்வந்ததற்குப் பயணப்படி, நாற்பத்தேழு ரூபாய். கடைசி வரியில் என் வழக்கப்படி எதையும் விடாமல் குறித்திருந்தேன்: 'கிடை வரை மற்றும் திரும்ப: விண்ணப்பதாரரின் வாகனத்தில், கட்டணம் இல்லை.'

"ஊனமுற்றவர் சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு விலக்குக் குடுத்திருக்கு. அதுல நீங்களே சவாரி போயிருக்கீங்களே. பில்லு சரின்னா விலக்கு தப்புன்னு நான் அப்ஜெக்ஷன் எழுதணும்."

"கால் பிசகிப்போச்சு தம்பி."

"அது பில்லுல இல்லையே அண்ணாச்சி."

அப்ஜெக்ஷன் எழுதினால் ஃபைல் மேலே போகும். பதில் வரும்வரை வகை மாற்றம் நிறுத்தி வைக்கப்படும். அந்த மனிதர் மந்தையோடு எந்தத் தரிசில் நிற்கிறாரோ, அங்கேயே வண்டி நிற்கும். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனதற்காக.

"நான் பில்லையே வாபஸ் வாங்கிட்டா?"

அவர் பில்லின் மேலிருந்த கல்லை எடுத்தார். "பில்லு இல்லேன்னா எனக்குக் கேள்வியும் இல்ல."

அன்று பிற்பகலே சலான் போட்டு நாற்பத்தேழு ரூபாயைத் திருப்பிக் கட்டினேன். அதற்கப்புறம் அந்த ஃபைலை யாரும் திறக்கவில்லை.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். விண்ணப்பத்தின் பத்திகளை நிரப்புகிறவர் நம் பாஷை பேசுகிறவர் இல்லை. எட்டாவது பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மேஜையிலிருந்து முடிவு செய்யாதீர்கள். வண்டி எங்கே போகிறதோ அங்கே போய்ப் பாருங்கள். பார்த்ததை ரிப்போர்ட்டில் முழுசாக எழுதுங்கள். பில்லில் எழுதும்போது மட்டும், அந்த வரியால் யார் வண்டி நிற்கும் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

கடைசியாக, இந்த ஃபைலுக்கு என் கைக்காசுக் கணக்கு. டி.ஏ. பணம் வந்தது, போனது, அதைச் சேர்க்கவில்லை. பஸ் போக வர பத்து ரூபாய். போளி ஆறு, பதினைந்து. புதுச் செருப்பு எண்பத்தைந்து. கணுக்காலுக்கு எண்ணெய்க் கட்டு மூன்று தடவை, எழுபத்தைந்து. ஆக நூற்று எண்பத்தைந்து ரூபாய்.